மன்றக் கூட்டமும் மனு எழுதும் முறையும்

சிறு நகரம் ஒன்றை ஆளும் மாவட்ட மன்றத்தின் மாதக் கூட்டத்தைப்போல் சுவையற்ற நிகழ்ச்சி வேறொன்று இராது என்றே பலரும் கருதுவர். தலைவர் அமர்கிறார். உறுப்பினர்கள் வருகைப் பதிவில் கையொப்பமிடுகின்றனர். சென்ற கூட்டத்தின் குறிப்பு படிக்கப்பட்டு உறுதி செய்யப்படுகிறது. பின்னர் வருவன யாவும் சிறு சிறு செய்திகள். அடைபட்ட கால்வாய், எரியாத தெருவிளக்கு, ஈரச்சந்தையில் வாடகைக்குப் போகாமல் கிடக்கும் இரண்டு மேசைகள், இரவுச் சந்தைக்கு மாற்று இடம், ஒரு கடையின் பெயர்ப்பலகையில் மலாய் எழுத்து சிறியதாக இருப்பது, தெருநாய் பற்றிய புகார். இவற்றுள் எதுவும் செய்தித்தாளின் முதற்பக்கத்தை எட்டுவதில்லை. ஆயினும் ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வை நாடாளுமன்றத்தைக் காட்டிலும் நெருங்கித் தொடுவது இக்கூட்டம்தான். அதன் போக்கை அறியாமையால் நம்மவர் அடையும் இழப்பு சிறிதன்று. அப்போக்கை ஆசிரிய அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோட்டத்தில் வளர்ந்த மக்களுக்கு இம்முறை விளங்காமற் போனதற்குக் காரணம் உண்டு. தோட்டத்தில் எல்லாவற்றிற்கும் வாசல் ஒன்றே. லயத்துக் குழாய் உடைந்தாலும், கூரைத் தகரம் பறந்தாலும், கோயில் திருவிழாவிற்குப் பந்தற்கால் வேண்டுமென்றாலும் தண்டலிடம் சொன்னால் அவர் கிராணியிடம் சொல்வார். கிராணி மானேஜரிடம் சொல்வார். அவர் சரியென்றால் மாலைக்குள் ஆள் வரும். முடியாதென்றால் அத்தோடு முடிந்தது. யாவும் வாய்ச்சொல். யாரைக் கேட்பது என்பதில் ஐயமே இல்லை. இப்பழக்கத்தோடு நகரத்திற்குக் குடிபெயர்ந்தவர், அங்கேயும் ஒரு 'பெரியவரை'த் தேடுகிறார். ஆனால் மன்றத்தில் அத்தகைய பெரியவர் கிடையாது. தலைவரும் தாம் நினைத்தவாறு பணத்தை எடுத்துச் செலவிட முடியாது. கோரிக்கை கடிதமாக வர வேண்டும். கோப்பில் ஏற வேண்டும். உரிய குழுவில் பேசப்பட வேண்டும். கூட்டக் குறிப்பில் பதிய வேண்டும். வரவு செலவுத் திட்டத்தில் அதற்கென்று தொகை இருக்க வேண்டும். தாளில் இல்லாத ஒன்று மன்றத்தைப் பொறுத்தவரை நடவாத ஒன்று.

வரலாற்றையும் சிறிது நோக்குவோம். கோலாலம்பூரில் 'சானிட்டரி போர்டு' என்னும் சுகாதாரக் கழகம் 1890 இல் அமைந்தது. குப்பை, கால்வாய், சந்தை, விளக்கு ஆகியவையே அதன் கவலை. பிற ஊர்களிலும் அவ்வாறே கழகங்கள் எழுந்தன. உறுப்பினர் யாவரும் நியமனம் பெற்றோர். 1950 இல் ஊராட்சித் தேர்தல் சட்டம் வந்தது. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனிலும், 1952 இல் கோலாலம்பூரிலும் மக்கள் வாக்களித்து நகராண்மை உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர். 1952 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று புதுக்கிராமங்களுக்கும் சிற்றூர்களுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களைத் தந்தது. தோட்டமோ தனியார் நிலம். அந்த வாக்குப்பெட்டி பெரும்பாலும் அதன் வாயிலோடு நின்றுவிட்டது. ஆகவே அயலில் இருந்த புதுக்கிராமத்துச் சீனர் மன்றத்தில் பேசவும், எதிர்த்து வாதாடவும், கணக்குக் கேட்கவும் பழகிய ஆண்டுகளில், லயத்து மக்கள் அப்பயிற்சியைப் பெறவில்லை.

அப்பயிற்சிக்குரிய காலமும் நீளவில்லை. இந்தோனேசியாவுடன் பகைமை மூண்டிருந்த வேளையில், 1965 மார்ச்சு முதல் நாள் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அவ்வாண்டே மன்றங்களின் நிலையை ஆராய அரச ஆணையம் ஒன்று அமைந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் நம் இனத்தவரான செனட்டர் ஆதி நாகப்பன் என்பதை இளைய ஆசிரியருள் எத்தனை பேர் அறிவர்? 1968 இல் முடிவுற்று 1971 இல் வெளியான அவ்வறிக்கை, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்கவில்லை. 1976 ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலை அறவே நீக்கியது. தீபகற்பத்தில் இன்றும் நடைமுறையில் இருப்பது அச்சட்டமே. மன்றத் தலைவரோடு எட்டுக்குக் குறையாமலும் இருபத்து நான்குக்கு மிகாமலும் உறுப்பினர் இருப்பர். அவர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஒரு நியமனம் மூன்றாண்டுக்கு மேற்படாது.

நியமனம்தானே, நமக்கென்ன வேலை என்று சிலர் சலித்துக் கொள்வதுண்டு. இச்சலிப்பு எனக்கு உடன்பாடன்று. அதே சட்டத்தின் 23 ஆம் பிரிவு, மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. மன்றமே தீர்மானம் செய்தாலன்றிக் கதவை மூட இயலாது. குழுக் கூட்டங்களுக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. 919, 921 ஆம் ஆண்டுகளின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகளையும் குடவோலையையும் மேடைதோறும் முழங்கும் நம்மவருள், தம் ஊர் மன்றத்தின் பார்வையாளர் நாற்காலியில் ஒருநாளேனும் அமர்ந்தவர் எத்தனை பேர்?

ஒரு கோரிக்கை எவ்வழியே செல்கிறது என்பதை எடுத்துக்காட்டால் விளக்கலாம். நான் அறிந்த தோட்டம் ஒன்று துண்டாடப்பட்டபோது, அங்கிருந்த குடும்பங்கள் சிறுநகர் ஓரத்து மலிவு விலை வீடுகளுக்குச் சென்றன. மழை பெய்தால் கால்வாய் நிரம்பி அடுக்களைக்குள் நீர் வந்தது. அவர்கள் குப்பை லாரி ஓட்டுநரிடம் சொன்னார்கள். சந்தையில் கண்ட மன்ற ஊழியரிடம் சொன்னார்கள். திருவிழாவிற்கு வந்த அரசியற் பிரமுகரிடமும் சொன்னார்கள். மூவரும் 'பார்க்கலாம்' என்றனர். இரண்டு மழைக்காலம் கழிந்தது. பின்னர் ஆசிரியர் ஒருவர் முறையாகக் கடிதம் எழுதித் தந்தார். சில வாரங்களில் பதில் வந்தது: அத்தெருவும் கால்வாயும் வீடு கட்டிய நிறுவனத்தால் இன்னும் மன்றத்திடம் ஒப்படைக்கப்படவில்லை, ஆதலால் மன்றம் அங்கே பணம் செலவிட இயலாது.

இதைப் படித்தவுடன் குடியிருப்போர் கொதித்தனர். உண்மையில் அவர்களுக்குக் கிடைத்த முதற் பயன் அப்பதில்தான். பொதுத் தெரு என்பது வேறு, தனியார் தெரு என்பது வேறு என்னும் பாகுபாடு 1974 ஆம் ஆண்டுத் தெரு, வடிகால், கட்டடச் சட்டத்தில் உள்ளது. பொதுத் தெருவைப் பேணுவது மன்றத்தின் கடமை. தனியார் தெருவைச் சீராக்கும் பொறுப்பு உரியவரைச் சார்ந்தது; அவரைச் செய்ய வைக்கும் அதிகாரம் மன்றத்திற்கு உண்டு. ஆகவே இரண்டாம் கடிதத்தில் கால்வாயைத் திருத்துங்கள் என்று கேளாமல், நிறுவனத்திற்கு நோட்டீஸ் அனுப்புங்கள் என்று கேட்டனர். உறுப்பினர் ஒருவர் அதைக் கூட்டத்தில் எழுப்பினார். கூட்டக் குறிப்பின் ஓரத்தில் 'நடவடிக்கை' என்றொரு பத்தி இருக்கும். அதில் கட்டடப் பிரிவு அதிகாரியின் பதவிப் பெயர் ஏறியது. அடுத்த மாதம் 'சென்ற கூட்டக் குறிப்பிலிருந்து எழுபவை' என்னும் தலைப்பில் அவர் விடை கூற வேண்டியதாயிற்று. அதற்கடுத்த மாதமும் அவ்வாறே. அதிகாரி ஒருவருக்கு ஒரே செய்தியை மூன்றாம் முறையாக 'விசாரணையில் உள்ளது' என்று கூறுவதைவிடக் கால்வாயைக் கட்ட வைப்பது எளிது. கால்வாய் கட்டப்பட்டது.

வரியைப் பற்றியும் அறிந்திருத்தல் வேண்டும். வீட்டு வரி ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்டு இறுதிக்குள்ளும் செலுத்தப்படுவது. ஜொகூர் நீங்கலாகப் பெரும்பாலும் வீட்டின் ஆண்டு மதிப்பே இதற்கு அடிப்படை. ஆண்டு மதிப்பாவது, அவ்வீடு வாடகைக்கு விடப்பட்டால் ஓராண்டில் பெறக்கூடிய தொகை. மாதம் 300 வெள்ளி வாடகை பெறும் எனக் கணித்தால் ஆண்டு மதிப்பு 3,600 வெள்ளி. மன்றம் நூற்றுக்கு 8 என விதித்திருந்தால் ஆண்டு வரி 288 வெள்ளி, அரையாண்டுக்கு 144. ஆண்டு மதிப்பில் நூற்றுக்கு 35 என்பது சட்டம் வகுத்த உச்சம். இக்கணக்கை ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவரே செய்துவிடுவர். விழுக்காட்டுப் பாடத்திற்கு வட்டிக்கடையை எடுத்துக்காட்டும் நாம் ஏன் வீட்டு வரிச் சீட்டை எடுத்துக்காட்டக் கூடாது?

மதிப்பீட்டுப் பட்டியல் புதிதாகத் தயாரிக்கப்படும்போது மன்றம் அறிவிப்புச் செய்யும். அதை எதிர்ப்பவர், மறு ஆய்வுக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக எழுத்து மூலம் ஆட்சேபணை தெரிவிக்க வேண்டும். என் வீடு அளவுக்கு மேல் மதிக்கப்பட்டுள்ளது என்பது மட்டுமன்று, பக்கத்து மாளிகை குறைவாக மதிக்கப்பட்டுள்ளது என்பதும் ஆட்சேபணைக்குரிய காரணமே. நாள் கடந்து கவுண்டரில் நின்று சண்டையிடுவதால் பயனில்லை. வரி கட்டத் தவறியவருக்கு முதலில் 'இ' படிவம் வரும். பதினைந்து நாளுக்குள் செலுத்தாவிடில் 'எஃப்' படிவம், அதாவது வீட்டுப் பொருள்களைக் கைப்பற்றும் ஆணை, வரலாம். மலாயில் எழுதப்பட்ட அந்த 'இ' படிவத்தைப் பிரிக்காமலே சாமிப்படத்தின் பின்னால் செருகி வைத்திருந்த மூதாட்டியை நான் அறிவேன்.

உரிமம் பற்றி ஒரு சொல். பூக்கடை, வடைக்கடை, தேங்காய்க்கடை யாவற்றிற்கும் மன்ற உரிமம் வேண்டும். காரணம் கூறாமலே உரிமத்தை மறுக்கவும் மீட்கவும் 107 ஆம் பிரிவு மன்றத்திற்கு இடமளிக்கிறது, இழப்பீடும் கிடையாது. இது கடுமையான விதி என்பதே என் கருத்து. ஆதலின் பிறர் பெயரில் உள்ள உரிமத்தில் கடை நடத்துவது எத்துணை ஆபத்தானது என்பதைச் சிறு வணிகருக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

இனி மனு எழுதும் முறை. ஒரு கடிதத்தில் ஒரு செய்திதான் இருக்க வேண்டும். கால்வாயையும் விளக்கையும் நாயையும் சேர்த்தெழுதினால் அக்கடிதம் மூன்று பிரிவுகளுக்கிடையே அலையும். இடத்தைத் துல்லியமாகக் குறிக்க வேண்டும்: நில எண், தெருப்பெயர், விளக்குக் கம்பத்தில் எழுதியுள்ள எண். 'மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால்' என்பது நமக்கு விளங்கும், அலுவலகத்திற்கு விளங்காது. நிழற்படம் இணைக்க வேண்டும். அதன் நாளைக் குறிக்க வேண்டும். ஒரு படியில் மன்றத்தின் முத்திரையைப் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசி வழியே புகார் பதிவோர் அப்புகாரின் எண்ணை எழுதி வைப்பது நலம். குப்பை பற்றிய புகாராயின் முதலில் மாநிலத்தைப் பார்க்க வேண்டும்: பேராக், சிலாங்கூர், பினாங்கு மாநிலங்களில் அது மன்றத்தின் வேலை, ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகியவற்றில் 2011 செப்டம்பர் முதல் கூட்டரசுச் சட்டத்தின் கீழ்ச் சென்றுவிட்டது. புதிதாக ஒன்று கட்டித்தர வேண்டுமாயின், அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம் வரையப்படுமுன் மனு போய்ச் சேர வேண்டும். டிசம்பரில் கொடுத்த மனுவுக்கு 'ஒதுக்கீடு இல்லை' என்ற பதில் வருவதில் வியப்பில்லை.

நம் பள்ளிகளை நேரே தொடும் செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. தோட்டங்கள் வீடமைப்பிடங்களாக மாறி வருகின்றன. எந்த நிலம் எதற்கு என்பதை வரையறுக்கும் உள்ளூர்த் திட்டத்தை, 1976 ஆம் ஆண்டு நகர், ஊரகத் திட்டமிடல் சட்டத்தின்படி, ஊராட்சி மன்றமே தயாரிக்கிறது. வரைவு முடிந்ததும் அறிவிப்புச் செய்து, குறைந்தது நான்கு வாரம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்; அக்காலத்துள் எவரும் எழுத்து மூலம் ஆட்சேபணை தரலாம். தோட்டத்துப் பள்ளிக்கும் கோயிலுக்கும் இடுகாட்டுக்கும் தனி நிலப்பட்டா இல்லாத இடங்களில் இந்நான்கு வாரம் மிகவும் முக்கியமானது. புல்டோசர் வந்தபின் கூடுகின்ற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கினர் அந்நாள்களில் மன்ற அலுவலகத்திற்கு வந்திருந்தால் போதும். அங்கே கூடத்தில் வண்ணம் தீட்டிய நிலப்படம் தொங்கும். பள்ளி எந்த நிறத்தில் உள்ளது, இடுகாடு அதில் குறிக்கப்பட்டுள்ளதா என்பதைக் குறிப்புப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இல்லையெனில் ஆட்சேபணைப் படிவத்தை அங்கேயே கேட்டு வாங்கி, நில எண்ணைக் குறித்து, பள்ளி மேலாளர் வாரியம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் நிர்வாகம் என மூன்று தரப்பும் தனித்தனியே கொடுக்கலாம்.