விளையாட்டு உலகில் வளம் தேடும் வரைபடங்கள்

இணைய விளையாட்டு உலகங்களில் தாதுவும் மூலிகையும் எங்கே கிடைக்கும் என்று குறித்து வைக்கும் மென்பொருள்கள் ஏராளம். எடுத்தால் தீர்ந்துபோகும் வளம், எடுத்தபின் மறுபடி தோன்றும் வளம், இடம் மாறிக்கொண்டே இருக்கும் வளம் என மூன்று வகை உண்டு. ஆடும் உலகம் இவற்றில் எந்த வகை என்று தெரிந்துகொண்டால், மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் வேலை பாதி முடிந்தது.

2011-இல் முழு வடிவில் வெளிவந்த மைன்கிராஃப்ட் முதல் வகை. அங்கே வெட்டியெடுத்த தாது திரும்ப வராது. நிலம் முழுவதும் 'சீட்' எனப்படும் ஓர் எண்ணிலிருந்து கணக்கிட்டு உருவாக்கப்படுகிறது. அந்த எண்ணைக் கொடுத்தால் கிராமங்களும் கோட்டைகளும் எங்கே இருக்கும் என்று சங்க்பேஸ் இணையதளம் காட்டிவிடும். பலர் சேர்ந்து ஆடும் சர்வர்களில் சீடை மறைத்து வைப்பது வழக்கம். அங்கே ஜர்னிமேப், ஸேரோஸ் மினிமேப் போன்ற மோட்கள், அதாவது விளையாட்டோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள்தான், கைகொடுக்கும். ஆட்டக்காரர் நடந்து கடந்த நிலத்தை இவை வரைந்துகொண்டே வரும். வேண்டிய இடத்தில் அடையாளமும் வைக்கலாம்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று ஆழம். 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்புக்குப் பின், உயரக் கணக்கில் 16-க்குக் கீழேதான் வைரம் உருவாகிறது. மைனஸ் 64-ஐ ஒட்டிய அடிப்பாறையை நெருங்க நெருங்க அது கூடுகிறது. மேலிருந்து பார்த்த நிலப்படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வைரம் தேடுபவருக்குப் பயன் குறைவு. குகைகளை அடுக்கு அடுக்காகக் காட்டும் வசதி வேண்டும். சில சர்வர்கள் தடை செய்வதும் அதே வசதியைத்தான், ஏனென்றால் பக்கத்தில் ஆடுபவருக்கு அது அநியாயமாகப் படுகிறது. அதனால் மேற்சொன்ன இரண்டு மோட்களுக்கும் குகைப் படமும், அருகிலுள்ள ஆட்டக்காரர்களையும் உயிரினங்களையும் காட்டும் ரேடாரும் நீக்கிய தனி வடிவங்கள் உண்டு. சர்வரின் விதிகளைப் படித்துவிட்டே தரவிறக்க வேண்டும். இந்த மோட்கள் கணினியில் ஓடும் ஜாவா பதிப்புக்கானவை; கைபேசியில் ஆடும் பெட்ராக் பதிப்பில் இவற்றைச் சேர்க்க முடியாது. ஜாவாவிலும் விளையாட்டின் பதிப்பு எண்ணுக்கு ஏற்ற மோட் கோப்பாக இருக்க வேண்டும்.

2004-இல் தொடங்கிய வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் கதை வேறு. பறித்த மூலிகையும் தோண்டிய தாதுவும் சற்று நேரத்தில், முன்பே தீர்மானித்த இடங்களில் ஏதாவது ஒன்றில், மறுபடி தோன்றும். ஆகவே பழைய குறிப்பு வீணாவதில்லை. சேரச் சேர அதன் மதிப்பு ஏறுகிறது. கேதர்மேட் 2 என்ற ஆட்-ஆன் (துணை நிரல்), ஆட்டக்காரர் வளம் எடுக்கும் ஒவ்வொரு இடத்தையும் தானே பதிந்துகொள்கிறது. மற்றவர்கள் திரட்டிய தரவையும் அதில் ஏற்றலாம். அதனுடன் ரூட்ஸ் என்ற இன்னோர் ஆட்-ஆனைச் சேர்த்தால், குறித்த இடங்களையெல்லாம் குறைந்த தூரத்தில் சுற்றிவர ஒரு பாதை கிடைக்கும். எறும்புகள் இரைக்குப் போகும் தடத்தைப் பார்த்து 1990-களில் உருவான கணக்கு முறை அதில் வேலை செய்கிறது. ஒரு விளையாட்டுத் துணைக்கருவிக்குள் இத்தனை நுட்பமான கணிதம் இருப்பது வியக்கத்தக்கது. ஆட்-ஆன்களை இலவசமாகவே தர வேண்டும், அவற்றின் நிரல் யாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்று இந்த விளையாட்டை நடத்தும் பிளிஸார்ட் நிறுவனம் 2009-இல் விதித்தது. காசு கேட்கும் ஆட்-ஆனை ஒதுக்கிவிடலாம்.

மூன்றாம் வகைக்கு ஈவ் ஆன்லைன் நல்ல எடுத்துக்காட்டு. 2003-இல் தொடங்கிய இந்த விண்வெளி உலகில், தொலைவிலுள்ள வேறொரு மண்டலத்துக்குச் சட்டெனக் கடக்க உதவும் புழுத்துளைகள் 2009 மார்ச்சில் வந்தன. பெரும்பாலான துளைகள் ஏறக்குறைய ஒரு நாளில் மூடிக்கொள்ளும். கனமான கப்பல்கள் அதிகம் கடந்தால் அதற்கு முன்பே மூடும். அப்பாலுள்ள வாயுவையும் தாதுவையும் எடுக்கப் போனவர் திரும்பும் வழியை இழக்கலாம். நேற்றைய வரைபடம் இங்கே உதவாது. டிரிப்வயர், பாத்ஃபைண்டர் போன்ற கருவிகள் பிரௌசரில் இயங்கி, குழுவில் ஒருவர் கண்ட துளையை உடனே மற்ற எல்லோருக்கும் காட்டுகின்றன. ஒற்றர்கள் நிறைந்த விளையாட்டு இது. எனவே யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று அனுமதியைத் தனித்தனியாகப் பிரித்துத் தரும் கருவியையே எடுக்க வேண்டும்.

வெளிக்கருவி எதுவானாலும், விளையாட்டுக் கணக்கின் கடவுச்சொல்லைத் தன் பக்கத்திலேயே தட்டச்சு செய்யச் சொன்னால் அதை விட்டுவிடுவது நல்லது. முறையான கருவி ஆட்டக்காரரை விளையாட்டு நிறுவனத்தின் சொந்த உள்நுழைவுப் பக்கத்துக்கு அனுப்பி, அங்கிருந்து அனுமதி மட்டும் பெறும். அந்த அனுமதியைப் பின்னர் ரத்து செய்யவும் முடியும்.

திரட்டிய குறிப்புகள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். ஜர்னிமேப் தன் படங்களை விளையாட்டுக் கோப்புறைக்குள் வைக்கிறது. வார்கிராஃப்ட் ஆட்-ஆன்களின் பதிவுகள் 'டபிள்யூடிஎஃப்' என்ற கோப்புறைக்குள் இருக்கும். கணினியை மாற்றும்போதோ விளையாட்டை அழித்து மறுபடி நிறுவும்போதோ இவற்றை முன்கூட்டியே நகலெடுத்துக்கொண்டால் பல மாத உழைப்பு காணாமல் போகாது.