வேம்பு கருகும்போது

மழைக்காலம் முடியும் தறுவாயில் தெருவோர வேப்பமரங்களின் நுனிக்கிளைகள் சில ஆண்டுகளில் தீப்பட்டதுபோல் பழுப்பேறி நிற்கும். இதை இலையுதிர்வு என்று விட்டுவிடக்கூடாது. வேம்பு இயல்பாக இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில்தான். நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காயவைக்கும் இந்நோய்க்கு ஃபோமாப்சிஸ் அசாடிராக்டே என்ற பூஞ்சை காரணம். தளிரில் சாறு உறிஞ்சும், தேயிலைக் கொசு எனப்படும் நாவாய்ப்பூச்சி தாக்கினாலும் ஏறக்குறைய இதே கருகல்தான். இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு.

பட்டையை நகத்தால் சுரண்டினால் நிலவரம் தெரிந்துவிடும். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பென்றால் அந்தப் பகுதி போய்விட்டது. பச்சை தெரியும் இடம்வரை வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். மரத்தடியிலேயே குவித்து வைத்தால் பூஞ்சை வித்துகள் மறுபடி பரவும். கார்பென்டசிம் மருந்தை லிட்டருக்கு 1 கிராம் கலந்து கன்றுகளுக்குத் தெளிக்கலாம். 40 அடி மரத்துக்கு, அதுவும் வீடுகளுக்கு நடுவே, அது நடக்கிற காரியமில்லை. வளர்ந்த மரம் பெரும்பாலும் தானே துளிர்த்துவிடும்.

அடிமரத்தில் கட்டையாக, அரைவட்டத்தில் காளான் முளைத்திருந்தால் கதை வேறு. அது கனோடெர்மா. உள்ளே வேர் அழுகியிருக்கும். குணப்படுத்த மருந்து கிடையாது. கேபிள் புதைக்க வேரை வெட்டுவதும், மரத்தைச் சுற்றிச் சிமென்ட் பூசுவதும் மரத்தை நலிவாக்கி இதற்கு வழிவிடுகின்றன. அப்படிப்பட்ட மரத்தைப் பருவமழைக்கு முன்பே மாநகராட்சியிடம் சொல்லிச் சோதிக்க வைப்பது நல்லது.