எந்தத் தேங்காய் எண்ணெய்?

தேங்காய் எண்ணெய் என்றதும் நம்மில் பலருக்குத் தலைமுடிதான் நினைவுக்கு வரும். ஆனால் சவர்க்காரத்தின் நுரைக்கும் அதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இந்த எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதுதான் கட்டியைக் கெட்டியாக்கி, நுரையை அள்ளித் தருகிறது. உப்புநீரில்கூட நுரைக்கும் என்பதால், மாலுமிகள் ஒரு காலத்தில் தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரத்தையே கப்பலில் பயன்படுத்தினார்கள்.

பூன் லேயில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் சில ஆண்டுகளாக நான் சவர்க்காரம் செய்து வருகிறேன். காரணம், என் அம்மாவின் கைகள். உணவங்காடியில் நாள் முழுவதும் பாத்திரம் கழுவுபவர் அவர். வீடு திரும்பிய பிறகாவது அவர் தோலை வறட்டாத ஒரு சவர்க்காரம் வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு எந்தத் தேங்காய் எண்ணெய் சரி?

தேக்கா பக்கம் கடைகளில் பார்த்தால் தலை சுற்றும். பொதுவாக நான்கு வகை உண்டு. கொப்பரையைப் பிழிந்து, சுத்திகரித்து, நிறமும் மணமும் நீக்கியது முதல் வகை. செக்கில் ஆட்டிய மணமுள்ள எண்ணெய் இரண்டாவது. பச்சைத் தேங்காயிலிருந்து எடுக்கும் 'வெர்ஜின்' எண்ணெய் மூன்றாவது, விலை அதிகம். நான்காவது, லாரிக் அமிலத்தைப் பெருமளவு நீக்கிய 'ஃபிராக்‌ஷனேட்டட்' எண்ணெய்.

என் பரிந்துரை முதல் வகைதான். காஸ்டிக் சோடா சேர்ந்ததும் வெர்ஜின் எண்ணெயின் மணம் பெரும்பாலும் போய்விடும். நுரையிலும் வேறுபாடு தெரியாது. அந்த எண்ணெயைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். செக்கு எண்ணெயும் ஆகும். கட்டி சற்று மஞ்சளாக இருக்கும். நான்காவது வகை மட்டும் வேண்டாம். அதைக் கண்டுபிடிப்பது எளிது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகையில் உறையும். நம் ஊர் வெயிலில் எப்போதும் திரவமாகவே இருக்கும் எண்ணெயைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். நல்ல எண்ணெய் வெள்ளையாக உறையும்; ஃபிராக்‌ஷனேட்டட் உறையாது.

'தலைமுடி எண்ணெய்' என்று எழுதியிருந்தால் சேர்பொருள்களைப் படியுங்கள். கனிம எண்ணெய் கலந்திருந்தால் அந்தப் பகுதி சவர்க்காரமாக மாறாது. புட்டியின் அளவை வைத்து முடிவு செய்யவும் முடியாது. சிறு புட்டிகளில் விற்கும் தூய தேங்காய் எண்ணெயையும் சமையல் எண்ணெயாக வகைப்படுத்தலாம் என்று 2024 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றமே ஒரு வரி வழக்கில் தீர்ப்பளித்தது.

வகையைவிட முக்கியமானது அளவு. 100 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சவர்க்காரமாக மாற ஏறக்குறைய 18.3 கிராம் காஸ்டிக் சோடா தேவை. ஆலிவ் எண்ணெய்க்கு 13.5 கிராம் போதும். தேங்காய் எண்ணெயின் கணக்கை ஆலிவ் எண்ணெய்க்குப் போட்டால் மிஞ்சும் காரம் தோலைப் புண்ணாக்கும். ஆகவே கரண்டிக் கணக்கு கூடாது, மின்தராசு வேண்டும்.

தேங்காய் எண்ணெயை மட்டும் போட்டுச் செய்த கட்டி அழுக்கோடு தோலின் எண்ணெய்ப் பசையையும் கழுவிவிடும். அதனால் நான் 150 கிராம் தேங்காய் எண்ணெயும் 350 கிராம் ஆலிவ் எண்ணெயும் கலக்கிறேன். கணக்குப்படி 74.7 கிராம் காஸ்டிக் சோடா வரும். அதில் 5 விழுக்காட்டைக் குறைத்து 71 கிராம் மட்டும் போடுகிறேன். மீதமாகும் எண்ணெய் தோலுக்கு மென்மை தரும். தண்ணீர் 165 கிராம்.

எச்சரிக்கை நண்பர்களே! காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும். அதன்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். சன்னல்களைத் திறந்து வையுங்கள். அலுமினியப் பாத்திரம் ஆகாது, எவர்சில்வர் நல்லது. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் அவர்கள் தூங்கிய பிறகு செய்யுங்கள். கட்டிகளை நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட உலரவிட்ட பிறகே பயன்படுத்துங்கள்.

சவர்க்காரம் மருந்தன்று. தோல் வெடித்து இரத்தம் கசிந்தால் மருத்துவரிடம்தான் செல்ல வேண்டும். அம்மாவிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால், விலையுயர்ந்த புட்டி இல்லாமலே அன்றாடத்துக்கு ஏற்ற நல்ல சவர்க்காரத்தை நாமே செய்துகொள்ளலாம். அதற்குத் தேவை சாதாரணத் தேங்காய் எண்ணெயும் சரியான கணக்கும் கொஞ்சம் பொறுமையும்தான்.