துறை பல, தேவை ஒன்று

மகாவலியின் கிளையாகிய வெருகலாறு நம் ஊரருகே கடலோடு கலக்கின்றது. ஆறு பெருகுங்கால் மக்கள் படும் இன்னல் சிறிதன்று. அதனைத் தீர்க்கப் பொறியியலார் மட்டும் போதுமா? மழையை அளப்பவரும், மண்ணை ஆராய்பவரும், பயிரை அறிந்தவரும் வேண்டுமன்றோ?

தொழில்நுட்பக் கல்விக்கூடங்களின் ஆராய்ச்சி இவ்வாறு பல துறைகள் கூடியே பயன் தருகின்றது. 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் சென்னையில் தோன்றிய இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இதற்குச் சான்று. கேரளத்து விழிஞத்தில் 1991இல் கடலலையால் மின்சாரம் எடுத்துக் காட்டியவர் அக்கழகத்தாரே. கடலில் எழுப்பிய அறையுள் அலை ஏறி இறங்க, உள்ளிருக்கும் காற்று உந்தப்பட்டுச் சுழற்சக்கரத்தை இயக்கும். கட்டடத்தை அமைத்தது ஒரு துறை, சக்கரத்தை அமைத்தது மற்றொன்று, மின்சாரம் பிறிதொன்று. அலை சீராக வாராமையால் மின்சாரமும் ஏறியிறங்கிற்று. பின்னர் அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் சோதனை நடைபெற்றது. இன்று அந்நிலையம் இயங்கவில்லை. ஆயினும், குறையை அறிவதும் ஆராய்ச்சியின் பயனே.

அக்கழகத்து வேதியியலார் நுண்பொருள்களைக் கொண்டு குடிநீரின் ஆர்செனிக் நஞ்சை நீக்க வழி கண்டனர். கணினித்துறையார் 2018இல் ‘சக்தி’ நுண்செயலியை இயக்கிக் காட்டினர். 2019இல், கால் வழங்காதோரை எழுந்து நிற்கச் செய்யும் சக்கர நாற்காலியை இயந்திரவியலார் வெளியிட்டனர்.

பெற்றோரே, எத்துறையில் உத்தியோகம் கிடைக்கும் என்பதோடு நின்றுவிடாதீர்கள். பிள்ளையின் நாட்டம் எதிலென்றும் கேளுங்கள். மாணவர்களே, உங்களுள் ஒருவர் கணிதமும், ஒருவர் வேளாண்மையும், ஒருவர் பொறியியலும் கற்று ஒன்றுகூடினால், வெருகலின் வெள்ளத்திற்கும் ஒரு வழி பிறக்கும்.