நம்பிக்கை மையத்தில் ஒரு பரிசோதனை

1986-ஆம் ஆண்டில், டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி செல்லப்பன் நிர்மலா சென்னையில் திரட்டிய இரத்த மாதிரிகளில் எச்.ஐ.வி. இந்தியாவில் முதன்முதலாகப் புலப்பட்டபோது, அதற்கு மருந்தில்லை. இன்றோ மருந்துண்டு; தாமிரபரணிக் கரைக் கிராமத்தார் ஒருவர், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்குப் பஸ் ஏறி வந்து, திருநெல்வேலி அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் இலவசமாகவும் இரகசியமாகவும் பரிசோதித்துக்கொள்ளலாம். தொற்றிய முதற் சில வாரங்களில் பரிசோதனை தொற்றைக் காட்டாமற் போகலாமாதலால், சந்தேகமுள்ளவர் மூன்று மாதங்கழித்து மறுபடி பார்ப்பது அவசியம்.

உடலுறவால் பரவும் மற்றொரு வியாதியான மேகப்புண்ணோ (சிபிலிஸ்), வலியின்றித் தோன்றித் தானே மறைவதால், குணமாயிற்றென்று ஏமாந்து லேகிய விளம்பரங்களை நம்புவோர் இன்னும் உளர் (அவ்விளம்பரம் எழுதாத சுவர் ஏது!). ஆரம்பத்தில் ஒரு பென்சிலின் ஊசியில் தீரக்கூடிய அவ்வியாதி, எச்.ஐ.வி. நுழையவும் வழிதிறக்கிறது. ஆணுறை இரண்டையும் பெரிதும் தடுக்கும். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தைத் தவறாது உண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறியவியலாதபடி அடங்கியவரிடமிருந்து உடலுறவினால் எச்.ஐ.வி. பிறருக்குப் பரவுவதில்லை.