கோடரிக்கு எந்தத் தலைப்பில் பற்று?

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். அடிபட்டவன் திருப்பி அடிப்பது இயல்புதான் என்பவரும் இந்தப் பழமொழியைத்தான் எடுக்கிறார். அடித்ததால் அவன் காட்டுமிராண்டி என்பவரும் இதைத்தான் எடுக்கிறார். ஹைட்டியின் கணக்கை வைத்துப் பார்த்தால் இரண்டு வாதமுமே உதைக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஹைட்டியின் பெயர் சான் தொமிங், பிரெஞ்சுக் குடியேற்றம். ஐரோப்பா தின்ற சர்க்கரையில் ஏறக்குறைய 40 சதவீதமும் குடித்த காப்பியில் பாதிக்கு மேலும் அங்கிருந்து போனவை. 1789-இல் அடிமைகள் சுமார் 5 லட்சம், வெள்ளையர் சுமார் 30,000. ஒருவருக்குப் பதினாறு பேருக்கு மேல். மிரள்வது இயல்பு என்றால், இந்த விகிதத்துக்குத் தினம் ஒரு கலகம் நடந்திருக்க வேண்டும். பெருங்கலகம் வெடித்ததோ 1791 ஆகஸ்ட் 22 இரவு. 1697-இல் ஸ்பெயின் அந்த மண்ணை பிரான்சுக்கு விட்டுக்கொடுத்ததிலிருந்து எண்ணினால் 94 ஆண்டுகள். இடையில் மலைக்கு ஓடினார்கள். சிலர் நஞ்சு வைத்தார்கள். அதற்காக மக்கந்தால் என்பவரை 1758-இல் உயிரோடு எரித்தார்கள். பெரும்பாலோர் செத்துப்போனார்கள். 1791 வரை அடிமைக் கப்பல்களிலிருந்து இறக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 7 லட்சம். அங்கேயே பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து மிஞ்சியவர்கள் அந்த 5 லட்சம்தான்.

மறுபக்கத்தில், எஜமானர்களின் வன்முறைக்கு விகிதமே போட்டிருந்தது. அடிமைகளுக்கான 1685-ஆம் ஆண்டு பிரெஞ்சுச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு: ஒரு மாதம் ஓடி ஒளிந்திருந்தால் காதுகளை அறுத்துத் தோளில் சூடு, இரண்டாம் முறை முழங்காலுக்குப் பின்னால் நரம்பு அறுப்பு, மறு தோளில் சூடு, மூன்றாம் முறை மரணம். அதே சட்டத்தில் வாரப்படியும் உண்டு: மரவள்ளி மாவு, கூடவே 2 ராத்தல் உப்பிட்ட மாட்டிறைச்சி அல்லது 3 ராத்தல் மீன். தண்டனைப் பிரிவுக்கு இருந்த அக்கறை இந்தப் பிரிவுக்கு இல்லை.

வெட்டிய கரும்பை உடனே பிழியாவிட்டால் சாறு புளித்துவிடும். நம் ஊர்க் கரும்புக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறுவடைக் காலத்தில் அங்கே ஆலை இரவெல்லாம் ஓடும். தூக்கக் கலக்கத்தில் உருளையில் விரல் மாட்டினால் கையே உள்ளே போகும். அப்போது கையை வெட்டி ஆளை மீட்க, உருளைக்குப் பக்கத்திலேயே ஒரு கோடரி வைத்திருப்பார்கள். அந்தக் கோடரி தளவாடச் செலவில் சேர்ந்தது. வன்முறை என்று ஒரு தலைப்பு தோட்டக்காரர்களின் பேரேடுகளில் இல்லை.

கலகமும் திடீர்க் கொதிப்பல்ல. ஒரு வாரத்துக்கு முன்பே, ஆகஸ்ட் 14-இல், தோட்டங்களிலிருந்து சுமார் 200 பேர் கூடித் திட்டம் போட்டார்கள். பிறகு நூற்றுக்கணக்கான தோட்டங்கள் எரிந்தன. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த நெருப்பல்ல. டிசம்பரில் நடந்த பேரம். கலகத் தலைவர்களான ழான் பிரான்சுவாவும் பியாசுவும் கேட்டது இவ்வளவுதான்: தங்கள் ஆட்களில் 400 பேருக்கு விடுதலை, மற்றவர்களுக்குச் சாட்டையிலிருந்து விடுதலை. கொடுத்தால் எல்லோரும் தோட்டத்துக்குத் திரும்பிவிடுவார்கள். பேச்சில் 400 என்பது நூறுக்குக் கீழேயும் இறங்கியது. வெறி பிடித்தவன் இப்படித் தள்ளுபடி தரமாட்டான். குடியேற்றச் சபை அதையும் மறுத்தது.

மறுத்ததற்கு ஆன செலவு: மேலும் 12 ஆண்டுப் போர். கறுப்பின மக்களில் ஒரு லட்சத்துக்கு மேல் மாண்டார்கள். இடையில் ஒழிந்துபோன அடிமை முறையை மீட்க நெப்போலியன் அனுப்பி, 1802-இல் வந்திறங்கிய படையில் செத்தவர்கள் 40,000-க்கும் மேல். பெரும்பகுதி மஞ்சள் காய்ச்சலில். 1804 ஜனவரி 1-இல் விடுதலை. அடுத்த சில மாதங்களில் புதிய நாட்டின் தலைவர் தெசலீனின் ஆணைப்படி, எஞ்சியிருந்த பிரெஞ்சு வெள்ளையரில் 3,000 முதல் 5,000 பேர் வரை கொல்லப்பட்டார்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட. போர் முடிந்த பிறகு நடந்த கொலை இது. எந்தப் பேரத்தின் பேரிலும் இதைக் கழித்துவிட முடியாது. கோடரியை எழுதாதவர்கள் இதை மட்டும் பக்கம் பக்கமாக எழுதினார்கள் என்பது வேறு விஷயம்.

1825-இல் பில் வந்தது. பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் அனுப்பிய 14 போர்க்கப்பல்கள், 500-க்கு மேல் பீரங்கிகள், ஒரு காகிதம்: தோட்டக்காரர்கள் இழந்த சொத்துக்கு ஈடாக 15 கோடி பிராங்க், ஐந்து தவணை. அந்தச் சொத்து மதிப்பில் அடிமைகளும் அடக்கம். இத்தனைக்கும் 1803-இல் லூசியானாவின் பரந்த நிலத்தை பிரான்ஸ் விற்ற விலையே 8 கோடிதான். முதல் தவணைக்கு பாரீஸில் 3 கோடி கடன் வாங்கினார்கள். அதில் 60 லட்சத்தை வங்கிக்காரர்கள் முதலிலேயே பிடித்துக்கொள்ள, கையில் வந்தது 2 கோடியே 40 லட்சம். 1838-இல் மொத்தத்தை 9 கோடியாகக் குறைத்தார்கள். காப்பி ஏற்றுமதி வரியிலிருந்து கட்டிக்கொண்டே வந்தார்கள். அதன் கடன் வால் 1947 வரை நீண்டது.

2003-இல் ஹைட்டி அதிபர் அரிஸ்தீத், பிரான்ஸ் திருப்பித் தர வேண்டியது என்று ஒரு தொகை சொன்னார்: 2,168 கோடியே 51 லட்சத்து 35 ஆயிரத்து 571 டாலர் 48 சென்ட். மறு ஆண்டு பிப்ரவரியில் அவர் பதவியில் இல்லை. தொகை, சென்ட் உட்பட, நிலுவையில் நிற்கிறது.