நாட்டு நாயும் வம்சப் பதிவேடும்

நமது ஒன்றியத்தில் பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றின் ஊராட்சி அங்கத்தினர் ஒருவர், சில மாதங்களுக்கு முன்னர் நம்மைக் காண வந்தார். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, ஏரி வரத்துக் கால் ஆகியவை பற்றிய மனுக்களோடு வருவதே அவர் வழக்கம். அன்று அவர் கையில் இருந்தவை இரண்டு தாள்கள். தென்னந்தோப்புக் காவலுக்கென நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் குட்டியாக விலைக்கு வாங்கிய ராஜபாளையம் பெண் நாய்க்கு உரியவை அவை. ஒன்று, நாய் வளர்ப்போர் சங்கம் ஒன்று அளித்த வம்சாவளிச் சான்று; மூன்று தலைமுறை முன்னோரின் பெயர்கள் அதில் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. மற்றொன்று, ராஜபாளையம் இனம் மத்திய அரசு நிறுவனத்தால் பதிவு செய்யப்பட்டுள்ளது என்று கூறும் செய்தியின் நகல். குட்டியை விற்றவர் அதனையும் சேர்த்துக் கொடுத்து, விலையிலும் சேர்த்தே வாங்கியிருந்தார். இப்போது இணை சேர்க்க ஆண் நாய் தேடிச் சென்ற இடத்தில், “உங்கள் சான்று வேறு சங்கத்தினுடையது, எங்கள் ஏட்டில் அது செல்லாது” என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். “இவற்றில் அரசாங்கம் ஒப்புக்கொள்வது எது என்று சொல்லுங்கள் ஐயா” என்பது அவர் வினா.

நமக்கு உடனே விடை கூற இயலவில்லை என்பதை மறைப்பானேன்? ஆடு, மாடு, கோழி பற்றி அலுவலகக் கோப்புகளில் எத்தனையோ குறிப்புகள் உண்டு. நாயைப் பற்றி நமக்கு வரும் காகிதங்கள் பெரும்பாலும் தெருநாய்த் தொல்லை பற்றியவையே. பின்னர் கால்நடை உதவி மருத்துவரோடு அமர்ந்து பேசியும், நூல்களைப் புரட்டியும் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம். நாட்டு நாய்களுக்கு இன்று தேவை மிகுந்திருக்கிறது. 2005-ஆம் ஆண்டு ஜனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட நாயினத் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய நம் நாய்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். மதிப்பு ஏறும் பொருளுக்குச் சான்றுகளும் பெருகும். சான்றுகள் பெருகும் இடத்தில் சச்சரவும் உடன் வரும்.

காஞ்சிபுரத்தார்க்கு இதனை விளக்கப் பட்டுச் சேலை ஒன்றே போதும். ஒரே சேலையில் மூன்று குறிகள் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். 2004-ஆம் ஆண்டில் வந்த சில்க் மார்க், இழை தூய பட்டு என்று மட்டுமே சொல்லும். 2006-ஆம் ஆண்டின் கைத்தறி முத்திரை, தறி கைத்தறி என்று சொல்லும். 2005-2006-இல் கிடைத்த புவிசார் குறியீடு, அஃது இவ்வூர் மரபைச் சேர்ந்த சேலை என்று சொல்லும். விசைத்தறியில் நெய்த தூய பட்டுக்கும் சில்க் மார்க் கிடைக்கத் தடையில்லை. மூன்றில் எதுவும் பொய்யன்று. ஆனால் ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. நாய்க்குத் தரும் தாள்களும் இத்தகையனவே.

முதலாவது, இனத்தின் பதிவு. அரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் இதனைச் செய்கிறது. மாட்டினம், ஆட்டினம், கோழியினம் எனப் பதிவு செய்துவந்த அந்நிறுவனத்தின் பட்டியலில் முதன்முதலாக ஏறிய நாயினங்கள் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்து முதோள் ஆகிய மூன்றும். இப்பதிவு இனம் முழுவதற்கும் உரியது. தனி நாய் எதற்கும் உரியதன்று. ஓர் ஊரை வருவாய்க் கிராமம் என்று அறிவித்துவிட்டால், அவ்வூரின் ஒவ்வொரு மனைக்கும் பட்டா வந்துவிட்டது என்று பொருளாகுமோ? நம் அங்கத்தினர் காசு கொடுத்துப் பெற்ற செய்தி நகலின் மதிப்பு அவ்வளவே.

இரண்டாவது, தனி நாயின் வம்சாவளி. இதனை எழுதுவோர் சங்கத்தார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா இவற்றுள் பெரியது. இந்தியன் நேஷனல் கென்னல் கிளப் என்ற பெயரில் வேறொரு சங்கமும் தனி ஏடு வைத்திருக்கிறது. இவை அரசு அலுவலகங்கள் அல்ல. ஒரு சங்கத்தின் ஏட்டில் உள்ள நாய்க்கு மற்றதில் தானாகவே இடம் கிடைத்துவிடாது. மேலும், குட்டி பிறந்ததைச் சங்கத்திற்கு எழுதி அனுப்புகிறவர் வளர்ப்பவரே. அவர் எழுதியது மெய்யாயின் ஏடும் மெய். அவர் வேறோர் ஆண் நாயின் பெயரை எழுதியிருந்தால், மரபணுச் சோதனை செய்தாலன்றி அதனைக் கண்டுபிடிக்க வழியில்லை.

மூன்றாவது, வளர்ப்பவருக்கான பதிவு. இதுவே சட்டத்தின்பாற்பட்டது. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, குட்டிகளை விற்பதற்காக நாய் வளர்ப்போர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 18 மாதம் நிறையாத பெண் நாயையும் 8 வயது கடந்ததையும் இணை சேர்க்கலாகாது. வாழ்நாளில் 5 ஈற்றுக்கு மேல் கூடாது. 8 வாரம் நிறையாத குட்டியை விற்கவும் கூடாது. அங்கத்தினரின் வினாவிற்கு விடை இதுதான்: அரசு கேட்கும் தாள் இம்மூன்றாவதே. அஃது அவரிடமும் இல்லை. அவருக்கு விற்றவரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

இனி, சங்கத்தார்க்குள் பிணக்கு ஏன் என்று பார்ப்போம். இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. நாய்க்கென முதல் கென்னல் கிளப் 1873-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தோன்றியது. அமெரிக்கன் கென்னல் கிளப் 1884-இல் எழுந்தது. அது தம் நாய்களை ஏற்கவில்லை என்பதற்காக ஒருவர் 1898-இல் யுனைடெட் கென்னல் கிளப் என்று வேறொன்றைத் தொடங்கினார். ஏட்டில் இடம் மறுக்கப்பட்டவர் தமக்கென ஓர் ஏடு திறப்பது அன்று தொட்டு வரும் வழக்கம். ஏட்டை வைத்திருப்பவனுக்கு, இஃது உள்ளே, அது வெளியே என்று கோடு கிழிக்கும் அதிகாரம் வந்துவிடுகிறது அன்றோ? இவ்வதிகாரத்தின் இயல்பை நம் மாவட்டத்து முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவரையும் அவருடைய உறவினரையும் மறுபடி தேர்தலுக்கு நிற்க விடவில்லை. நாய்ச் சங்கங்களுக்கு அத்தகைய குடவோலை விதி ஒன்றை யாரேனும் எழுதிக் கொடுத்தால் நன்றாயிருக்கும்!

நம் தமிழ்நாட்டில் நடக்கும் வாதங்களில் ஒன்று, கன்னியும் சிப்பிப்பாறையும் ஓர் இனமா, இரண்டா என்பது. இரண்டும் தென்பாண்டிச் சீமையின் ஒல்லியான வேட்டை நாய்கள். கரிய மேனியும் செம்பழுப்புக் காலும் உடையதைக் கன்னி என்றும், செவலை, சாம்பல் முதலிய பிற நிறத்தனவற்றைச் சிப்பிப்பாறை என்றும் பலர் பிரிப்பர். நிறம் வேறானால் இனம் வேறாகுமோ, ஒரே ஈற்றில் இரு நிறக் குட்டிகளும் பிறந்தால் அவற்றை எந்தப் பெயரில் எழுதுவது என்று மற்றவர் கேட்பர். இரு சாராரும் தம் பாட்டன் காலத்து வழக்கத்தையே சான்றாகக் காட்டுகின்றனர். சிவந்த காளைக்கும் மயிலைக் காளைக்கும் ஒரே தொழுவில் இடம் கொடுக்கும் விவசாயிக்கு இச்சண்டை வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஏட்டில் இரு தலைப்புகள் இட்டுவிட்டால், அதன்பின் அவ்விரண்டிற்கும் இடையே இணை சேர்ப்பது ‘கலப்பு’ என்று ஆகிவிடும்; இருக்கும் சிறு தொகையும் இரண்டாகப் பிரிந்துபோகும்.

ராஜபாளையத்தின் கதை இதனினும் கவலைக்குரியது. வெண்ணிற மேனியும் இளஞ்சிவப்பு மூக்குமே இவ்வினத்தின் இலக்கணம் என்று கண்காட்சி நடுவர்கள் பார்க்கின்றனர். முற்காலத்தில் வேறு நிறத்தனவும் இருந்தன என்பது பழைய வளர்ப்போர் பலருடைய வாதம். அவ்வழக்கில் நாம் தீர்ப்புக் கூறப்போவதில்லை. ஒன்று மட்டும் மருத்துவர்கள் ஐயமின்றிக் கூறுவது: உட்செவியில் நிறமி உயிரணுக்கள் இருந்தாலன்றி நாய்க்குச் செவிப்புலன் நிலைப்பதில்லை. மேனியை வெளுக்கச் செய்யும் மரபணுவே சில குட்டிகளில் அவ்வணுக்களையும் இல்லாமற் செய்துவிடுகிறது. அத்தகைய குட்டி பிறந்த சில வாரங்களுக்குள் செவிடாகிறது. ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு நெடுங்காலமாக அறியப்பட்ட குறை. தோப்புக் காவலுக்கு வாங்கிய நாய், திருடன் காலடியைக் கேட்காதென்றால் அதன் வெண்மையால் ஆவதென்ன?

வெண்மைக்காகவே தெரிந்தெடுத்து, புகழ்பெற்ற ஒரே ஆண் நாயிடம் எல்லாரும் செல்லும்போது குறை பரவுகிறது. உடன்பிறந்த இரு நாய்களை இணைத்தால், குட்டியின் மரபணு இணைகளில் நூற்றுக்கு 25 பங்கு ஒரே முன்னோரிடமிருந்து வந்த ஒரே படிகளாக அமையும் வாய்ப்பு உண்டு. தந்தை ஒன்றாய்த் தாய் வேறானால் 12.5 பங்கு. மறைந்து கிடக்கும் நோய்கள் வெளிப்படுவது இவ்வாறே. இங்கிலாந்தின் கென்னல் கிளப், தாய்-மகன், தந்தை-மகள், உடன்பிறப்பு ஆகிய சேர்க்கைகளில் பிறந்த குட்டிகளைப் பதியலாகாது என்று 2009-ஆம் ஆண்டில்தான் விதி செய்தது. அந்த முடிவுக்கு வர அதற்கு 136 ஆண்டுகள் பிடித்தன.

புள்ளிகள் நிறைந்த டால்மேஷியன் நாயின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. அவ்வினத்திற்கு யூரிக் அமிலம் மிகுந்து சிறுநீர்க் கல் தோன்றும் பிறவிக் குறை உண்டு. 1973-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒருவர் அதனைப் பாய்ண்டர் நாய் ஒன்றுடன் ஒரே முறை கலந்து, பிறந்தவற்றை மீண்டும் மீண்டும் டால்மேஷியனோடே சேர்த்தார். சில தலைமுறைகளில் தோற்றத்தில் டால்மேஷியனாகவும் நோயற்றதாகவும் நாய் கிடைத்தது. 1981-இல் இரண்டினைப் பதிவும் செய்தார்கள். உடனே இனத்தின் சங்கத்தார், ‘தூய்மை கெட்டது’ என்று எதிர்க்க, பதிவு நின்றது. மறுபடி ஏடு திறக்கப்பட்டது 2011-ஆம் ஆண்டில். இடைப்பட்ட 30 ஆண்டுகளில் எத்தனை நாய்கள் கல்லடைப்பால் வருந்தினவோ!

நிறத்தையும் முன்னோரையும் விடுத்துத் தொழிலை வைத்தே பதியும் ஏடும் உண்டு. 1906-ஆம் ஆண்டில் தோன்றிய சர்வதேச ஆட்டு நாய்ச் சங்கம், மந்தை ஓட்டும் பார்டர் கோலி நாய்களைப் பதிவு செய்கிறது. முன்னோர் ஏட்டில் இல்லாத நாயாயினும், வேலையில் தேறினால் தகுதியின் பேரில் அதற்கும் இடம் அளிக்கும். 1995-இல் அமெரிக்கன் கென்னல் கிளப் இவ்வினத்தைக் கண்காட்சிக்கு ஏற்றபோது, மேய்ப்பர்கள் கடுமையாக எதிர்த்தனர். அழகு பார்த்து வளர்த்தால் அறிவு போய்விடும் என்பது அவர்கள் அச்சம்.

இம்முறையை நாமும் அப்படியே கைக்கொள்ளலாமே எனில், ஓர் இடர்ப்பாடு உண்டு. கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் உரிய தொழில் முயல் வேட்டை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவ்வேட்டையைத் தடுத்துவிட்டது, அது சரியே. ஆயினும் தொழில் போனபின் தோற்றம் ஒன்றே எஞ்சி நிற்கிறது. தோற்றத்தைப் பற்றியே சண்டையும் மூள்கிறது. ஆட்டுக் கிடைக் காவல், தோப்புக் காவல் ஆகியவை இன்றும் உள்ளனவே; செவிப்புலன், துணிவு, பழக்கியவன் சொல்லுக்கு அடங்குதல் ஆகியவற்றைச் சோதித்துப் பதிய ஒரு சங்கம் முன்வருமாயின் நாம் வரவேற்போம்.

இவ்விடத்தில் நம் வாசகர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கிடைகளிலும் தோப்புகளிலும் உள்ள நாட்டு நாய்கள் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் இல்லை. நகரத்துக் கூண்டுகளில் சான்றோடு வளர்பவை சிலவற்றின் வழி வந்தவை. பின்னவற்றுக்கு முன்னவற்றின் புது இரத்தம் வேண்டும். ஏட்டின் கதவை முற்றும் அடைத்துவிட்டால் அது கிடைக்காது. ஆப்பிரிக்காவின் பசென்ஜி நாய்க்கு அந்நிலை வந்தபோது, அமெரிக்கன் கென்னல் கிளப்பே 1990-ஆம் ஆண்டில் தன் ஏட்டைத் திறந்து, ஆப்பிரிக்கக் கிராமங்களிலிருந்து கொண்டுவந்த நாய்களைச் சேர்த்துக்கொண்டது. நம் நாய்க்கு அவ்வாறு ஒரு கதவு திறக்கும் நாளில், இணை சேர்ந்த தேதி, தாய், தந்தை, குட்டிகளின் எண்ணிக்கை, நிறம், செவி ஆகியவற்றை எழுதி வைத்திருக்கும் விவசாயியே உள்ளே செல்ல முடியும். இதற்குப் பள்ளிப் பிள்ளையின் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். ஆறாவது வாரத்தில், குட்டிகள் உறங்கும்போது, அவை காற்றசைவை உணராத தொலைவிலிருந்து தட்டு ஒன்றைத் தட்டிப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேளாத குட்டி இச்சோதனையில் தப்பிவிடும் என்பதையும் மறவாதீர்கள்.

அங்கத்தினர் பின்னர் தம் நாய்க்கு, அதே சங்கத்துச் சான்று உள்ள ஆண் நாய் ஒன்றைத் தேடிப் பிடித்தார். இரு சான்றுகளையும் நம் மேசைமீது அடுத்தடுத்து வைத்துப் படித்தோம். இரண்டிலும் தந்தை ஒன்றே. சங்கம் எதுவாயினும், சான்று உண்மையில் பயன்பட்டது அன்றுதான். அவர் அதனை விட்டு, அடுத்த ஊர் ஆட்டுக் கிடையிலிருந்த, எந்தத் தாளும் இல்லாத ராஜபாளையம் நாயைச் சேர்த்தார். ஏழு குட்டிகள் பிறந்தன. பித்தளைத் தட்டைத் தட்டியபோது ஆறு விழித்தன. ஒன்று உறங்கிக்கொண்டே இருந்தது. அதனைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, இணை சேர்க்காமல் வளர்க்கப் போகிறார். ஏழையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். மற்ற ஆறினை விற்குமுன் விலங்கு நல வாரியத்திற்கு அனுப்ப வேண்டிய விண்ணப்பத்தைச் சென்ற வாரம் நம் அலுவலகத்தில் அமர்ந்தே பூர்த்தி செய்தார்.